தாரும் தாரமும்

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அன்று காலை ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனி உயிரே போனாலும் சொந்த வீட்டு வாசலில் கால் வைப்பதில்லை!

உயிர் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அந்த முடிவையே எடுத்தார் என்பது வேறு விஷயம்.

பயம் அவருக்குப் புதிதல்ல. அது உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஊரில் உள்ள மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் போய், லிஃப்டின் கயிற்றை இழுத்துப் பார்த்து, கதவை ஆட்டிப் பார்த்து, "தாராளமா ஏறலாம்!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கொடுத்துவிட்டு அவர் மட்டும் படி வழியாக இறங்கி வருவார். கேட்டால், "கயிறு எப்ப அறும்னு கயித்துக்கே தெரியாது சார்" என்பார். வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார். குக்கர் விசில் அடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

கார் ஒன்று வைத்திருந்தார். வேலை நாட்களில் அது போர்டிகோவில் தூங்கும். அவர் பஸ்ஸில் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரு இன்னும் கண் விழிக்காத நேரமாகப் பார்த்து, காரை வெளியே எடுத்து மார்க்கெட் வரை போய்த் திரும்புவார். அந்த வேகத்தைப் பார்த்து, கூடவே ஓடி வந்த நாய்கூட அலுத்துப்போய் அவரை முந்திக்கொண்டு போய்விடும்.

கேட்டிலிருந்து போர்டிகோ வரை ஒரு தார்ப்பாதை. வீட்டை அவருக்கு விற்றவர் போட்டது. ஒரு பக்கம் மதில், மதிலை ஒட்டிப் பூச்செடிகள். எத்தனையோ வருஷமாக அந்தப் பாதையில் நடக்கிறார். அது ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசியது.

முதல் நாள் மழை. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். டக், டக், டக், தொம்.

நின்றார். ஒரு காலைப் பின்னால் வைத்தார். டக். முன்னால் வைத்தார். தொம்.

இன்ஸ்பெக்டருக்கு முதுகுத்தண்டில் ஐஸ் தண்ணீர் இறங்கியது. தட்டினால் இப்படிச் சத்தம் வந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம்! குனிந்து பார்த்தார். சுற்றிலும் எல்லா இடமும் காய்ந்திருக்க, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீருக்கு அடியில், கட்டம் கட்டமாக, செதில் செதிலாக வெடிப்பு. அவர் கால் அமுக்கியதில் ஒரு செதில் லேசாக அசைந்தது. அசைந்த இடத்திலிருந்து ஒரு குமிழி வந்து 'ப்ளக்' என்று உடைந்தது.

கீழே யாரோ மூச்சு விடுகிறார்கள்!

வந்த வழியே குதிகாலைத் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

"ஏம்மா! வாசல் உள்ள போகுது!"

மனைவி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். "வாசல்னா உள்ள போறதுக்குத்தாங்க. நீங்க வெளியில போங்க, பஸ் போயிடும்."

"விளையாடாதே. பூமிக்குள்ள போகுதுங்கறேன்! மிதிச்சா தொம்னு கேக்குது!"

"எவ்ளோ தூரம் போயிருக்கு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் பாதியில திரும்பி வந்துட்டேன்."

மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர். காலையில் வேலை, மத்தியானத்திலிருந்து வீடு. அவளுடைய தலையாய வேலை, நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் நோயாளியின் தோளில் கை வைத்து, "பயப்படாதீங்க" என்று சொல்வது. அந்தச் சொல்லை அவள் சொல்லும் இனிமையில் எவ்வளவு பெரிய முரடனும் தானாக வாயைத் திறந்துவிடுவான். அதற்கப்புறம் அவன் வாய்க்குள் என்ன நடக்கும் என்பதும் இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். அதனால் வீட்டில் அவள் "பயப்படாதீங்க" என்று சொன்னால்தான் அவருக்கு உண்மையான பயம் ஆரம்பிக்கும்.

அவள் வாசலுக்கு வந்து, பாதையின் நடுவில் போய் நின்று, இரண்டு தரம் குதித்துப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெடிப்புதாங்க. பல்லுலகூடத்தான் விழுது. அடைச்சாப் போச்சு. வேர் கெட்டிருந்தாத்தான் பிடுங்கணும்."

"வேர் கெட்டிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தட்டிப் பாத்தா சத்தம் மாறும்." கொஞ்சம் யோசித்தாள். "தொம்னு கேட்டுச்சுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"பயப்படாதீங்க."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். பஸ்ஸை விட்டுப் பல காலம் ஆகியும் விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றாதவர்.

"என்ன சார், ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள இடம் இருக்கே, உள்ள போங்க!"

"உள்ள போயிடுவோமோன்னுதான் நிக்கிறோம் அண்ணே" என்றாள் மனைவி.

கண்டக்டர் விஷயத்தைக் கேட்டார். தலையை மேலும் கீழும் ஆட்டினார். "எங்க டிப்போல இப்படித்தான் சார். தரை லேசா வெடிச்சிருந்துச்சு. யாரும் கண்டுக்கல. ஒரு நாள் பாருங்க, நிறுத்தி வச்ச பஸ் நின்ன வாக்குலயே இறங்கிடுச்சு. முன் சக்கரம் ரெண்டும் காணோம். உள்ள ஒருத்தன் தூங்கிக்கிட்டு இருந்தான்."

"அவன் என்ன ஆனான்?"

"கடைசி ஸ்டாப் வந்துடுச்சுன்னு நெனச்சு எழுந்து இறங்கியிருக்கான். நல்லவேளை, பின்பக்கமா இறங்கினான். முன்பக்கமா இறங்கியிருந்தா அன்னிக்கே டிக்கெட் வாங்கியிருப்பான்!"

இன்ஸ்பெக்டர் அன்று மதிலைப் பிடித்துக்கொண்டு, பூச்செடிகளை மிதித்துக்கொண்டு, பல்லி மாதிரி ஒட்டி ஒட்டிக் கேட்டுக்குப் போனார்.

சாயங்காலம் ரோடு கான்ட்ராக்டர் வந்தார். ஒரு காதில் போன், ஒரு கையில் கடப்பாரை. போனில் யாரையோ திட்டிக்கொண்டே பாதை முழுக்கத் தட்டிக்கொண்டு போனார். தட்டி முடித்ததும் போனை இறக்கினார்.

"சார், தார் மனுஷன் மாதிரி. நரைச்சா ஒண்ணும் பண்ண வேணாம், மேல ஒரு பூச்சு போதும். ஒத்தைக் கோடா வெடிச்சா ஊத்தி அடைச்சிடலாம். ஒரு இடத்துல மட்டும் குழின்னா சதுரமா வெட்டி ஒட்டுப் போடலாம். ஆனா உங்களுது முதலைத் தோல் ஆயிடுச்சு. கட்டம் கட்டமா வெடிச்சிருக்கு, தண்ணி நிக்குது, மிதிச்சா அமுங்குது. மூணும் சேந்துச்சுன்னா மேல வைத்தியம் பாத்துப் பிரயோஜனமில்ல. அடி போயிடுச்சு."

"அடின்னா?"

"தாருக்குக் கீழ இருக்கிற ஜல்லி, மண்ணு. உங்க கூரைத் தண்ணி அந்தக் குழாய் வழியா இங்கதானே கொட்டுது? கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு எடுத்துட்டுப் போயிருக்கும்."

"எங்க எடுத்துட்டுப் போயிருக்கும்?"

"அது போன இடத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தவங்க யாரும் இல்ல சார்."

மனைவி அமைதியாகக் கேட்டாள்: "அப்போ இது அடைக்கிற பல் இல்ல, பிடுங்குற பல்?"

"கரெக்டாச் சொன்னீங்கம்மா. முழுசாப் பேத்து எடுத்துட்டு, அடியிலிருந்து புதுசாப் போடணும்."

"எவ்ளோ ஆழம் தோண்டுவீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கெட்டது எது வரைக்கும் போயிருக்கோ, அது வரைக்கும்."

"அது வீடு வரைக்கும் போயிருந்தா?"

"அப்போ வீடு வரைக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிக் கான்ட்ராக்டரைக் கேட்டுக்கு வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டார் இன்ஸ்பெக்டர். தோண்டாவிட்டால் தானாக விழும். தோண்டினால் உடனே விழும். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"ரோடு போடுறவன் ரோடு போடணும்னுதாம்மா சொல்லுவான்" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க. அவசரமே இல்ல. நல்லா யோசிங்க. எங்ககிட்ட வர்றவங்களும் இப்படித்தான், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடுவாங்க. அப்புறம் ஒரு நாள் கன்னம் வீங்கி வருவாங்க. அப்பவும் டாக்டர் திட்டவே மாட்டார். ஊசியை மட்டும் கொஞ்சம் பெருசா எடுப்பார்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் தன் தொழில் புத்தியைக் காட்டினார். சாக்பீஸ் எடுத்து, வெடிப்பு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போட்டார். பாதையின் ஓரத்திலும் நெடுக ஒரு கோடு. வெடிப்பு வளர்ந்தால் கோட்டைத் தாண்டும். தாண்டினால் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டது. சாயங்காலம் வந்து பார்த்தால், மதில் பக்கத்து ஓரம் கோட்டைத் தாண்டி உடைந்து, துண்டு துண்டாகப் பூச்செடிக்குள் சரிந்து கிடந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கம் அவர் காரின் சக்கரம் போனதே கிடையாது! போதாக்குறைக்கு, பாதையின் மேல் அங்கங்கே கறுப்பாக அரை வட்டங்கள். யாரோ பெரிய ரப்பரை வைத்துப் பூமியை அழிக்கப் பார்த்த மாதிரி.

"ஏம்மா, காரு ஞாயித்துக்கிழமைதான் வெளியில வருது. நடுவுல இதை யார் உடைக்கிறது?"

"வெயில்ங்க. தார் இளகும்."

"அரை வட்டமாவா இளகும்?"

"சூரியன் வட்டமாத்தானே இருக்கு."

இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார்: பூமி நகர்கிறது. மெதுவாக, யாரும் பார்க்காத நேரத்தில், தன் வீட்டை நோக்கி நகர்கிறது. அன்றிலிருந்து வாசல் பக்கத்து அறையில் படுப்பதை விட்டார். பின்கட்டில் போய்ப் படுத்தார். படுத்தாலும் தூக்கம் வரவில்லை. தலையணையில் காதை வைத்தால் 'தொம் தொம்' என்று கேட்டது. அது தன் நெஞ்சுதான் என்று தெரிந்தபோது பயம் இரண்டு மடங்காயிற்று.

கடைசியில் துணிந்து ஒரு திட்டம் போட்டார். முழுசாகத் தோண்டவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். கடையில் தார்க் கலவை பையில் விற்கிறார்கள். பிரித்துக் கொட்டித் தட்டிவிட்டால் போதுமாம். சூடு பண்ணக்கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் போய் ஒரு மூட்டை வாங்கிவந்து, காரைப் போர்டிகோவில் பத்திரமாக நிறுத்திவிட்டு, சாயங்காலம் வேலையில் இறங்கினார்.

கண்டக்டர் மதில் மேல் கையூன்றி வேடிக்கை பார்த்தார். "பாத்து சார். தாருக்கும் தாரத்துக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ரெண்டும் சூடா இருக்கிறப்ப கிட்டப் போகக் கூடாது. ஆறினப்புறம் வளைக்க முடியாது."

"இது சூடில்லாத தார் சார்."

"அப்படி ஒண்ணு தார்லதான் இருக்கு" என்று பெருமூச்சு விட்டார் கண்டக்டர்.

முதலைத் தோலின் மேல் கறுப்புக் கலவை பளபளவென்று உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டருக்குக் கையெல்லாம் தார், முகமெல்லாம் பெருமை.

"அழகா இருக்குங்க" என்றாள் மனைவி. "சொத்தைப் பல்லுக்கு மேல பவுடர் பூசின மாதிரி."

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், கேட்டைத் திறந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். அவர் போட்ட ஒட்டின் குறுக்கே, நட்ட நடுவில், ஒரு டயர் தடம்.

"நான் ஒட்டுப் போடறதுக்கு முன்னாடியே காரு உள்ள போயிடுச்சு. அப்போ இந்த டயர் யாரோடது?"

மனைவி தடத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு, "பயப்படாதீங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் போர்டிகோவைத் திரும்பிப் பார்த்தார். திருடன்! பட்டப்பகலில் வந்து காரை எடுத்துப் போய்விட்டு, திரும்பக் கொண்டுவந்து வைக்கிறான்! போய்க் காரைத் திறந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். குறைந்திருக்கும் என்று நினைத்தார். குறையவில்லை. கூடியிருந்தது.

எடுத்துக்கொண்டு போகிற திருடனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். போட்டுவிட்டுப் போகிற திருடனைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அப்படி ஒருவன் இருந்தால் அவனுக்கு என்னதான் வேண்டும்?

"மத்தியானம் நீ வீட்டுலதானே இருக்கே? சத்தம் ஏதும் கேக்கலையா?"

"நான் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாதுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

மறுநாள் இன்ஸ்பெக்டர் யாரிடமும் சொல்லாமல் அரை நாள் லீவு போட்டார். மத்தியானம் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கேட் அகலத் திறந்து கிடந்தது. அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை. பூனை மாதிரி உள்ளே நுழைந்தார். போர்டிகோவில் கார், பின்பக்கத்தை இவருக்குக் காட்டிக்கொண்டு அமைதியாக நின்றது. உள்ளே ஆள் இல்லை. இருக்கைகளின் முதுகுதான் தெரிந்தது. மூச்சை விட்டுவிட்டு, ஒட்டுப் போட்ட இடத்துக்குப் போய் மண்டியிட்டார். நேற்றைய தடத்தின் மேல் இன்னொரு தடம். சூடு ஆறாத தடம்! விரலால் தொட்டுப் பார்த்தார்.

அப்போது கார் தானாக உறுமியது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். பின் விளக்கு இரண்டும் கண் விழித்த மாதிரி எரிந்தன. ஓட்டுகிறவர் இருக்கையில் ஒரு தலை தெரிய வேண்டுமே? இல்லை. தலையே இல்லாமல் கார் பின்னால் நகர்ந்து அவரை நோக்கி வர ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஒரு விசில். அதைத் தொடர்ந்து ஒரு குரல்.

"வரலாம்... வரலாம்... வரலாம்..."

யாரைக் கூப்பிடுகிறார்கள்? எமனையா?

எழுந்து ஓடப் பார்த்தார். எழும்போது உடம்பின் முழுப் பாரமும் வலது காலில் இறங்கியது. 'தொம்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'சரக்' என்று ஒரு சத்தம். முதலை வாயைத் திறந்தது. இன்ஸ்பெக்டரின் கால் தாரைத் துளைத்துக்கொண்டு முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. கீழே பாதத்துக்குத் தட்டுப்பட்டது வெறும் குளிர்ந்த தண்ணீர். இழுத்தார். வரவில்லை. கார் வந்தது.

"நிறுத்து" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பயத்தில் நாக்கு புரளவில்லை. உத்தியோகத்தில் ஊறிப்போன ஒரே ஒரு வாக்கியம்தான் வாயில் வந்தது.

"தாராளமா ஏறலாம்! தாராளமா ஏறலாம்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பின்சக்கரத்தையே குறி பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். விசில் தெருவையே கிழித்தது. "ஸ்டாப்! ஸ்டாப்! ஆள் இருக்கு!"

கார் நின்றது. அவர் மூக்கு நுனிக்கும் நம்பர் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு சீப்பு நுழையலாம், அவ்வளவுதான் இடம். கதவு திறந்தது. உட்கார்ந்தால் தலைசாய்ப்பானுக்கு மேல் தலை தெரியாத உயரமுள்ள அவருடைய மனைவி இறங்கி வந்தாள்.

"ஏங்க! நீங்க ஆபீஸ்ல இல்ல?"

"நான் குழியில இருக்கேன்!"

"அது தெரியுது. எப்போ வந்தீங்க?"

கண்டக்டர் மதிலைத் தாண்டிக் குதித்து வந்து குனிந்து பார்த்தார். "பயமில்ல தங்கச்சி. சார் அரை டிக்கெட்தான் வாங்கியிருக்கார். முழங்காலோட நின்னுடுச்சு."

இருவருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். யார் கூட்டிப் போவது? இன்ஸ்பெக்டர் காரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார்.

"அது வர்றதுக்குள்ள நான் போயிட்டு வந்துடுவேன். ஏறுங்க."

கார் தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் உள்ளே கோபம் கொதித்தது. வலியைவிடக் கோபம். அதைவிடப் பயம்.

"யார் உனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது?"

"அண்ணன்தான்."

"அவர் கண்டக்டர்! அவருக்கே ஓட்டத் தெரியாது!"

மனைவி அவர் பக்கமாக முகத்தை முழுக்கத் திருப்பினாள். "ஏன் தெரியாது? ஆயுசு பூரா டிரைவர் பின்னாடியே நின்னு பாத்தவர்..."

"ரோட்டைப் பாரு! ரோட்டைப் பாரு!"

அவள் ரோட்டைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கிக்கொண்டார். "லைசென்ஸ் இருக்கா?"

மறுபடியும் முகம் திரும்பியது. "வாங்கிட்டேங்க. போட்டோகூட நல்லா வந்திருக்கு, காட்டட்டுமா? பையிலதான்..."

"வேணாம்! ரோட்டைப் பாரு! லாரி! லாரி!"

"நீங்க கேள்வி கேட்டா நான் உங்களைப் பாத்துத்தானே பதில் சொல்லணும்? அதுதானே மரியாதை?"

பின் இருக்கையிலிருந்து கண்டக்டர் தோளைத் தட்டினார். "ஓட்டுநருடன் பேசக் கூடாதுன்னு ஒவ்வொரு பஸ்லயும் எழுதி வச்சிருக்கே, படிச்சதில்லையா சார்?"

இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை. "மூக்கால மூச்சு விடுங்க. நல்லா இழுத்து விடுங்க. கையை லூஸா வைங்க. முடிஞ்சுது, முடிஞ்சுது, அவ்ளோதான்" என்று மனைவி இனிமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால், ஆஸ்பத்திரி வாசலில், இரண்டு கார்களுக்கு நடுவில், அவர் கனவிலும் நுழைத்துப் பார்க்கத் துணியாத ஒரு சந்தில் கார் கச்சிதமாக நின்றிருந்தது.

டாக்டர் எலும்பு முறியவில்லை என்றார். சுளுக்குத்தான். கட்டுப் போட்டு, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, அசையாத ஒரு சோபாவில் பத்திரமாக உட்கார்ந்த பிறகுதான் இன்ஸ்பெக்டருக்குப் பேச்சு வந்தது.

"இத்தனை நாளா என்னை ஏமாத்தியிருக்கே! வெயிலாம், சூரியன் வட்டமாம்! நீ ஓட்டி ஓட்டித்தான் என் பாதை உடைஞ்சுது!"

"ஓரம் உடைஞ்சது என்னாலதாங்க, ஒத்துக்கறேன். நின்ன இடத்துலயே ஸ்டியரிங்கைத் திருப்பினா தார் தேயும்னு எனக்குத் தெரியாது. ஆனா குழி உங்க கூரைத் தண்ணியாலங்க. அதை நான் ஓட்டல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க பயப்படுவீங்க. எத்தனை வருஷமாக் கேட்டேன், கத்துக்கட்டுமான்னு? ஒவ்வொரு தடவையும் ஒரு விபத்துக் கதை சொல்வீங்க. உங்க கதையெல்லாம் கேட்டப்புறம் எனக்கு ரோட்டைக் கண்டா பயமில்ல, உங்களைக் கண்டாத்தான் பயம்."

அந்த வார்த்தை எங்கேயோ தைத்தது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தினார். "நடந்தது நடந்துபோச்சு. இனிமே என் காரைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு!"

"சரிங்க" என்றாள் மனைவி. "சத்தியமா உங்க காரைத் தொட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் அடுத்த வாக்குவாதத்துக்காகத் திறந்த வாயை மூட மறந்துபோனார். இவ்வளவு சுலபமாகவா? அழுகை இல்லை, கோபம் இல்லை, "ஏன்" என்றுகூட ஒரு கேள்வி இல்லை! தன் வீட்டில் தன் சொல் எடுபட்டுவிட்டது! மின்விசிறிக்கும் குக்கருக்கும் பயந்த மனிதர், வாழ்க்கையில் பயந்தே தீர வேண்டிய ஒரே ஒரு இடத்தில் பயப்படாமல் இருந்துவிட்டார்.

ஜெயித்தவனுக்கு வரும் தாராள மனசு அவருக்கும் வந்தது.

"பாதையை என்ன பண்ணலாம்ங்க?" என்றாள் மனைவி. "அந்தக் குழியில மட்டும் ஒட்டுப் போட்டுடலாமா? இல்ல..."

"ஒட்டா? என் காலை முழுங்கின பாதைக்கு ஒட்டா? வேரோட பிடுங்கச் சொல்லு! முழுசாப் புதுசு!"

"அதை உங்க வாயாலயே கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடுங்க. நாளைக்கு நான்தான் சொன்னேன்னு வரக் கூடாது." போனை நீட்டினாள்.

"முழுசாப் போடுங்க" என்று போனில் முழங்கினார் இன்ஸ்பெக்டர். "எனக்குக் கால் சரியில்ல. அம்மா எப்படிச் சொல்றாங்களோ அப்படியே செஞ்சுடுங்க."

வேலை ஆரம்பித்தது. கடப்பாரைச் சத்தம், ஜல்லி கொட்டும் சத்தம், கடைசியில் ரோலர். ரோலர் ஒவ்வொரு தடவை உருளும்போதும் வீடு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. இன்ஸ்பெக்டர் பின்கட்டு அறையில், சுவரிலிருந்து தள்ளிப் போட்ட கட்டிலில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கூரையையே பார்த்தபடி படுத்திருந்தார். எட்டிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மனைவி அவ்வப்போது வந்து செய்தி சொல்லிவிட்டுப் போவாள். கெட்ட மண்ணையெல்லாம் எடுத்தாச்சுங்க. உங்க செருப்பு கிடைச்சுதுங்க. கூரைக் குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பியாச்சுங்க. ஜல்லி போட்டு நல்லா இறுக்கியாச்சுங்க.

ஒரு நாள் ரோலர் போய்விட்டது. தார் ஆறியது. கட்டுப் பிரித்த காலோடு, ஒரு கையால் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தார்.

ஒரு அடி வைத்தார். நின்றது. இன்னொரு அடி. அதுவும் நின்றது. கண்டக்டரின் கையை விட்டார். கேட்டு வரைக்கும் தனியாக நடந்து போய்த் திரும்பி வந்தார். எங்கே தட்டினாலும் கல் மாதிரி கெட்டியான சத்தம். வெடிப்பு இல்லை, பள்ளம் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்க இடமில்லை. அவருக்குக் கண் கலங்கியது. எத்தனை நாளைக்கப்புறம் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு!

அப்போதுதான் கவனித்தார். மதிலோரப் பூச்செடிகளைக் காணோம். மதில் வரைக்கும் கறுப்பாகத் தார் பரந்து கிடந்தது. போர்டிகோவில் கார், பெரிய மைதானத்தில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி ஒரு ஓரமாக நின்றது.

"ஏம்மா... பாதை எதுக்கு இவ்ளோ அகலம்?"

"உங்க காரைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேனேங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு என் கார் வருது. ஒண்ணை ஒண்ணு தொடாம நிக்கணும்னா இவ்ளோ அகலம் வேணாமா?"